மூளைக்கு மின்சாரம் வாங்கலாமா? எலியும் முயலும் சொல்லும் பதில்

நெற்றியில் மாட்டுகிற ஒரு பட்டை, அதில் உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்ச், கூடவே சின்னதாக ஒரு பேட்டரி. இருபது நிமிடம் மாட்டிக்கொண்டு படித்தால் படித்தது மனசில் அப்படியே நிற்கும் என்று செல்போனில் விளம்பரம் வருகிறது. பாளையங்கோட்டையில் நீட்டுக்கும் டி.என்.பி.எஸ்.சி.க்கும் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கிற பெற்றோர் அதைப் பார்த்துவிட்டு "சார், இது நிஜமா, வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறவன், மூளையைத் தூண்டினால் விலங்குகளின் ஞாபகத்துக்கு என்ன ஆகிறது என்ற ஆராய்ச்சிகளைத் தேடித் தேடிப் படிக்கிறவன். ஒவ்வொருவருக்கும் டீக்கடை வாசலில் நின்று பாதிப் பாதியாகச் சொல்வதைவிட, கண்ணுக்குத் தெரிகிற வழிகளை எல்லாம் ஒரே இடத்தில் வைத்து எழுதிவிடுகிறேன்.

நெற்றிப் பட்டை ஒரு வழி. காதில் கவ்வி மாட்டி வேகஸ் நரம்பைத் தூண்டுவது இன்னொன்று. ஆஸ்பத்திரியில் தலைமேல் காந்தச் சுருள் வைப்பதும், மண்டையைத் துளைத்து உள்ளே கம்பி இறக்குவதும் பெரிய வழிகள். அப்புறம் மின்சாரமே இல்லாத வழி: தூக்கம், ஓட்டம், இடைவெளி விட்டுப் படிப்பது. படிக்கிற பிள்ளைக்கு என்றால் என் ஓட்டு இந்தக் கடைசி வழிக்குத்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு மிச்சமாகும் என்பதற்காகச் சொல்லவில்லை. விலங்கு ஆராய்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்கொண்டே வந்தால், எவ்வளவு மின்சாரம் என்பதைவிட எந்த நேரத்தில், எந்தப் பாடத்தோடு சேர்த்து என்பதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது, அந்த நேரத்தைச் சரியாகப் பிடிக்கிற வேலையைத் தூக்கமும் இடைவெளியும் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன.

முதலில் அடிப்படை. 1870-இல் ஜெர்மனியில் ஃப்ரிட்ஷ், ஹிட்ஸிக் என்ற இருவர் நாயின் மூளைப் பரப்பில் சின்னதாக மின்சாரம் கொடுத்து அதன் கால் அசைவதைக் காட்டினார்கள். ஆனால் அசைவு வேறு, ஞாபகம் வேறு. ஞாபகத்தின் பக்கம் கதவு திறக்க இன்னும் நூறு வருஷம் ஆனது, அது நார்வேயின் ஓஸ்லோ நகரத்தில் நடந்தது. டெர்யே லோமோவும் டிம் பிளிஸும் மயக்கம் கொடுத்த முயல்களில், ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதிக்குப் போகிற ஒரு நரம்புப் பாதையைத் தேர்ந்தெடுத்து, நொடிக்கு 100 துடிப்பு வீதம் மூன்று நான்கு நொடி மட்டும், அல்லது 10 முதல் 20 துடிப்பு வீதம் பத்துப் பதினைந்து நொடி, மின்சாரம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அதே பாதையில் ஒரே ஒரு துடிப்பை அனுப்பினாலும் அந்தப் பக்கத்து நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், முன்பைவிடப் பெரிதாகப் பதில் சொல்லின. 18 முயல்களில் 15-இல் இது தெரிந்தது, அரை மணி நேரத்தில் இருந்து 10 மணி நேரம் வரை நீடித்தது. 1973-இல் வெளியான இந்த முடிவுதான், பழக்கத்தால் நரம்பிணைப்பு பலப்படுகிறது என்ற நீண்ட நாள் ஊகத்துக்குக் கையில் பிடிக்கிற மாதிரி கிடைத்த முதல் ஆதாரம் என்று சொல்லலாம்.

ஆனால் அந்த முயல்கள் அன்றைக்கு எதையும் கற்றுக்கொள்ளவில்லை. இணைப்பு பலப்பட்டது, அவ்வளவுதான். மின்சாரம் பாடம் நடத்தாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மேலே படித்தால் விளம்பரம் எங்கே தாவுகிறது என்பது தெரிந்துவிடும்.

இன்னும் இரண்டு பழைய சோதனைகளைச் சொல்லாமல் வழிகளுக்குள் போக முடியாது, ஏனென்றால் விற்கிறவர்கள் இவற்றைச் சொல்ல மாட்டார்கள். 1949-இல் கார்ல் டங்கன் என்ற அமெரிக்க உளவியலாளர் எலிகளுக்கு ஒரு பாடம் கற்றுக்கொடுத்தார்: விளக்கு எரிந்ததும் பக்கத்து அறைக்கு ஓடிவிட்டால் காலில் ஷாக் அடிக்காது. ஒவ்வொரு நாள் பயிற்சிக்குப் பிறகும் எலிகளின் தலையில் வலிப்பு வருமளவுக்கு மின்சாரம் கொடுத்தார், ஒரு கூட்டத்துக்கு 20 நொடியில், இன்னொன்றுக்குச் சில நிமிடத்தில், வேறொன்றுக்குச் சில மணி நேரம் கழித்து. உடனே வாங்கிய எலிகள் கற்கவே இல்லை என்று சொல்கிற நிலை, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்து வாங்கியவற்றுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. மின்சாரம் அதே மின்சாரம். கற்றது இன்னும் உறையாமல் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் உள்ளே புகுந்தால் அது அழிக்கிறது.

அடுத்தது கனடாவில் கிரகாம் கோடார்ட் செய்தது, எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிற சோதனை வேறில்லை. மூளையைத் தூண்டினால் எலிகளின் கற்றல் எப்படி மாறுகிறது என்று பார்க்கத்தான் அவர் கிளம்பினார். பயம், உணர்ச்சி சம்பந்தப்பட்ட அமிக்டலா என்ற பகுதிக்குள் கம்பி வைத்து, தினமும் ஒரு முறை, முதல் நாளில் எலி கண்டுகொள்ளாத அளவுக்கு மெல்லிய மின்சாரம். நாட்கள் போகப் போக அதே அளவு மின்சாரத்துக்கு எலிகள் துடிக்க ஆரம்பித்தன, முடிவில் முழு வலிப்பு வந்தது. நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் சும்மா விட்டுப் பிறகு கொடுத்தாலும் வலிப்பு சீக்கிரமே வந்தது. 1967-இலும் 1969-இலும் வெளியான இந்தச் சோதனைகள் இன்றுவரை வலிப்பு நோய் ஆராய்ச்சியின் ஓர் அடித்தளம். நெற்றிப் பட்டை போட்டால் காக்கா வலிப்பு வந்துவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை, மூளைக்குள் இறக்கிய கம்பி வேறு, தோலுக்கு மேலே ஓடுகிற மில்லிஆம்பியர் வேறு. ஆனால் "மெல்லிய மின்சாரம்தானே, தினமும் கொஞ்சம் கொடுத்தால் என்ன ஆகிவிடும்" என்ற வாதம் விலங்கில் நிற்கவில்லை. மூளை ஒவ்வொரு நாளும் வாங்கியதைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது.

சரி, இப்போது பட்டை. இதற்கு டி.டி.சி.எஸ். என்று பெயர், மண்டைக்கு வெளியில் இருந்து ஒரே திசையில் ஓடுகிற மின்சாரம், மனிதர்களுக்குப் பெரும்பாலும் 1 முதல் 2 மில்லிஆம்பியர். இதன் வேரும் எலியில்தான் இருக்கிறது. 1964-இல் லண்டனில் லின் பைண்ட்மனும் கூட்டாளிகளும் எலியின் மூளைப் பரப்பில் சில நிமிடம் இப்படி மின்சாரம் ஓடவிட்டால், நிறுத்திய பிறகும் நியூரான்களின் துடிப்பு மணிக்கணக்கில் மாறியே இருக்கிறது என்று காட்டினார்கள். 2000-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்ஷேயும் பவுலஸும் மனிதர்களிடம் அதே மாதிரி ஒரு பின்விளைவைக் காட்டியதும் இந்தத் துறை பெருகிவிட்டது.

விலங்குகளில் இதற்கு நல்ல முடிவுகள் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். 2012-இல் ஸ்பெயினில் முயல்களுக்கு, மீசைப் பக்கம் ஒரு தூண்டல் வந்தால் அடுத்து கண்ணில் காற்று அடிக்கும், அதற்கு முன்பே இமையை மூடிக்கொள்ள வேண்டும் என்று பழக்கினார்கள். மின்சாரத்தை ஒரு திசையில் ஓடவிட்டபோது முயல்கள் கூடுதலாகக் கற்றன, திசையைத் திருப்பியபோது குறைவாகக் கற்றன. 2016-இல் ரோமில் சுண்டெலிகளுக்கு 20 நிமிடம் கொடுத்தார்கள், இடத்தை ஞாபகம் வைக்கிற சோதனையிலும் புதுப் பொருளை அடையாளம் காண்கிற சோதனையிலும் அவை நன்றாகச் செய்தன, ஒரு வாரம் கழித்தும் பலன் தெரிந்தது, ஹிப்போகாம்பஸில் பி.டி.என்.எஃப். என்ற நரம்பு வளர்ச்சிப் புரதம் கூடியிருந்தது. 2017-இல் கனடாவில் மாண்ட்ரியாலில் ரீசஸ் குரங்குகளுக்கு நெற்றிப் பகுதியில் கொடுத்தபோது, எந்தப் படத்துக்கு எந்த இடத்தில் பரிசு ஒளிந்திருக்கிறது என்பதை அவை சீக்கிரம் பிடித்துக்கொண்டன. நம் பாபநாசத்தில் பக்தர்களின் தேங்காய் மூடியைப் பறித்துக்கொண்டு ஓடுகிற நாட்டுக் குரங்கும் இந்த ரீசஸும் ஒரே பேரினம், மூளை அமைப்பில் எலியைவிட நமக்கு வெகு பக்கம், அதனால் இந்த முடிவை நான் மதிக்கிறேன்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஏன் வேண்டாம் என்கிறேன்? முதலாவது, எலிக்கும் முயலுக்கும் மின்முனையை மண்டையோட்டின் மேலேயே பொருத்துகிறார்கள், அந்த ஓடும் மெல்லியது. நமக்குத் தோல், கொழுப்பு, தடித்த எலும்பு, அதற்குக் கீழே மின்சாரத்தைப் பக்கவாட்டில் இழுத்துக்கொள்கிற நீர்மம். 2018-இல் ஹங்கேரியிலும் நியூயார்க்கிலும் இருக்கிற ஒரு குழு, இறந்தவர்களின் உடல்களில் மின்முனை இறக்கி அளந்தபோது, மேலே கொடுக்கிற மின்சாரத்தில் சுமார் 75 சதவீதம் மூளைக்கு வருவதற்குள்ளேயே தோலிலும் எலும்பிலும் போய்விடுகிறது என்று கண்டார்கள். நியூரான்களை நேரடியாக அசைக்கும் புலம் வேண்டுமென்றால் 4 முதல் 6 மில்லிஆம்பியர் தேவைப்படும் என்பது அவர்கள் கணக்கு. வழக்கமான 1, 2 மில்லிஆம்பியர் அதில் பாதியைத் தாண்டவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த நிலையில் எலியின் பலனை அப்படியே பிள்ளையின் தலைக்கு மாற்றி எழுத முடியாது.

இரண்டாவது காரணம்தான் பெரியது. 2010-இல் சுண்டெலியின் மூளைத் துண்டுகளில் செய்த சோதனையில், மின்சாரத்தை மட்டும் ஓடவிட்டால் இணைப்பு பலப்படவில்லை, அதே சமயம் அந்த நரம்புப் பாதைக்கு மெதுவான ஒரு உள்ளீடும் வந்துகொண்டிருந்தால்தான் பலப்பட்டது. அதாவது, எந்தப் பாதை அந்த நேரத்தில் வேலை செய்கிறதோ அதை மின்சாரம் தடிமனாக்கும். பட்டையை மாட்டிக்கொண்டு பிள்ளை இயற்பியல் கணக்கு போட்டால் கணக்கு, ரீல்ஸ் பார்த்தால் ரீல்ஸ். கணக்கிலும் தப்பான வழியைத் திரும்பத் திரும்பப் போட்டால் அந்தத் தப்பு. ஆய்வகத்தில் ஒருவர் பக்கத்தில் நின்று எந்த நொடியில் எது என்று கட்டுப்படுத்துகிறார், வீட்டு மாடியில் யார் நிற்பார்கள்?

மூன்றாவது, ஒரு இடத்தைத் தூக்கினால் இன்னொன்று இறங்குகிறது. 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இயுகுலானோ, கோஹன் கடோஷ் என்ற இருவரும் பெரியவர்களுக்குப் புதுவித எண் குறியீடுகளைக் கற்றுக்கொடுத்தார்கள். மூளையின் பின்பக்க மேல்பகுதியைத் தூண்டினால் கற்கிற வேகம் கூடியது, ஆனால் கற்றது யோசிக்காமல் தானாக வருகிற தன்மை குறைந்தது. முன்பகுதியைத் தூண்டினால் இதற்கு நேர் எதிர். மூன்று மணி நேரத்தில் 180 கேள்விக்கு விடை எழுத வேண்டிய பிள்ளைக்கு, யோசிக்காமல் தானாக வருவதைத் தொலைத்துவிட்டு என்ன செய்வது? 2015-இல் நெதர்லாந்தில் கடையில் விற்கிற ஒரு பட்டையையே எடுத்துச் சோதித்தார்கள், போட்டுக்கொண்டவர்களின் செயல்நினைவு, அதாவது ஒரு தகவலை மனதில் பிடித்துக்கொண்டே வேலை செய்கிற திறன், மோசமானது. 2016-இல் 39 ஆராய்ச்சியாளர்கள், இந்த முறையை வைத்தே வேலை செய்கிறவர்கள், வீட்டில் தாங்களாகவே போட்டுக்கொள்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வெளியிட்டார்கள். மின்முனைக்குக் கீழே இருக்கிற இடம் மட்டுமல்ல, மற்ற இடங்களும் மாறும், அந்த மாற்றம் நீண்ட நாள் நிற்கலாம், ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது அதன் சாரம். அந்தத் துறையில் இருக்கிறவர்களே எச்சரிக்கிற பொருளை, மண்டைக்குள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற பதினேழு வயதுப் பிள்ளைக்கு நாம் ஏன் மாட்ட வேண்டும்? பட்டை வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

வேகஸ் நரம்பு விஷயத்தில் என் மனம் கொஞ்சம் இளகும், ஏனென்றால் இதன் விலங்கு வரலாறு அழகானது. மூளைத் தண்டில் இருந்து கழுத்து வழியாக இறங்கி இதயம், வயிறு வரை போகிற நரம்பு இது. பயந்தாலோ பரபரப்பானாலோ உடம்பின் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகிறது, பயந்து நடுங்கிய சம்பவம் வருஷக்கணக்கில் மறக்காமல் இருப்பதற்கு இந்தப் பாதையும் ஒரு காரணம். 1995-இல் அமெரிக்காவில் எலிகளுக்கு ஒரு பாடம் முடிந்த கையோடு இந்த நரம்பில் 0.4 மில்லிஆம்பியர் கொடுத்தபோது மறுநாள் ஞாபகம் கூடியிருந்தது, அதைவிடக் குறைத்தாலும் பலன் இல்லை, கூட்டினாலும் இல்லை. 1999-இல் அதே ஆட்கள், வலிப்புக்காக ஏற்கெனவே கழுத்தில் இந்தக் கருவி பொருத்தியிருந்த நோயாளிகளிடம், ஒரு பத்தியைப் படித்து முடித்த இரண்டு நிமிடத்தில் தூண்டிப் பார்த்தார்கள், 0.5 மில்லிஆம்பியரில் சொற்களை அடையாளம் காண்பது கூடியது, அதற்கு மேலே போனபோது கூடவில்லை. எலியும் மனிதனும் இவ்வளவு ஒத்துப்போவது இந்தத் துறையில் அபூர்வம்.

2011-இல் டெக்சஸின் டல்லாஸில் கில்கார்டின் குழு, காது இரைச்சல் வந்த எலிகளுக்குக் குறிப்பிட்ட ஒலிகளைக் கொடுக்கிற அதே நொடியில் வேகஸைத் தூண்டி அந்த இரைச்சலைக் குறைத்தது, ஒலியை மட்டும் கொடுத்தபோதும் நரம்பை மட்டும் தூண்டியபோதும் அது நடக்கவில்லை. அந்த வழியிலேயே நடந்து வந்து, பக்கவாதத்தில் கை விளங்காமல் போனவர்களுக்குப் பயிற்சி செய்கிற நொடியில் வேகஸைத் தூண்டுகிற கருவிக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இது நிஜமான சாதனை. ஆனால் இதெல்லாம் அறுவைசிகிச்சை செய்து கழுத்து நரம்பில் நேரடியாகச் சுற்றிய கம்பியில் நடந்தது, காதில் கவ்வி மாட்டுகிற கருவி தொடுவது அந்த நரம்பின் ஒரு சின்னக் கிளையை. மாணவர்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். வீட்டில் பக்கவாதம் வந்து கை மீளாமல் இருக்கிற தாத்தாவோ ஆச்சியோ இருந்தால், அவர்கள் விஷயத்தில் இது கேட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று, அதுவும் ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனை மாதிரி இடத்தில் நரம்பியல் மருத்துவரிடம்.

காந்தச் சுருளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. 1985-இல் ஷெஃபீல்டில் பார்க்கர் கொண்டுவந்த முறை, காந்தப்புலத்தைச் சட்டென்று மாற்றி மூளைக்குள் மின்சாரம் உண்டாக்குவது. சுண்டெலியின் தலையைவிடச் சுருள் பெரிது, அதனால் எந்த இடம் தூண்டப்பட்டது என்று விலங்கில் குறிப்பாகச் சொல்வதே கஷ்டம். 2014-இல் சிகாகோ பக்கம் 16 பேருக்கு ஐந்து நாள் தொடர்ந்து கொடுத்து, முகத்தையும் சொல்லையும் இணைத்து ஞாபகம் வைப்பது கூடியதாகக் காட்டினார்கள், நல்ல ஆய்வு, சின்ன ஆய்வு. மன அழுத்த நோய்க்கு இது 2008-இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிகிச்சை. டாக்டர் அந்த நோய்க்கு எழுதிக் கொடுத்தால் தயங்காமல் எடுக்கலாம், மார்க்குக்காக என்று யாராவது பேக்கேஜ் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

உள்ளே கம்பி இறக்குகிற வழி மாணவர்களுக்குக் கேள்வியே இல்லை, மறதி நோய் வந்த பெரியவர்களுக்காகச் சிலர் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். 2011-இல் கனடாவில் டொராண்டோவில், சுண்டெலியின் ஹிப்போகாம்பஸுக்குச் செய்தி அனுப்புகிற பகுதியை ஒரே ஒரு மணி நேரம் தூண்டினார்கள். புது நியூரான்கள் பிறந்தன. ஒரு வாரம் கழித்துத் தண்ணீர்த் தொட்டியில் மறைந்திருக்கிற மேடையைத் தேடப் பழக்கியபோது பலன் ஒன்றும் இல்லை, ஆறு வாரம் கழித்துப் பழக்கியபோது நன்றாகக் கற்றன. பிறந்த நியூரான் வளர்ந்து இணைப்பில் சேர அவ்வளவு நாள் பிடிக்கிறது. இதைப் படித்துவிட்டு யாருக்கும் நம்பிக்கை வரும், எனக்கும் வந்தது. ஆனால் மனிதர்களிடம் வந்தபோது கதை கலங்கிவிட்டது. ஆல்சைமர் நோய் ஆரம்பத்தில் இருந்த 42 பேருக்கு மூளைக்குள் கம்பி வைத்து ஒரு வருஷம் பார்த்த சோதனையில், கருவியை ஓடவிட்டவர்களுக்கும் ஓடவிடாதவர்களுக்கும் ஞாபகத்தில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. வலிப்பு நோயாளிகளில் 2012-இல் ஏழு பேரை வைத்துச் செய்த ஆய்வு ஞாபகம் கூடியது என்றது, 2016-இல் 49 பேரை வைத்துச் செய்தது குறைந்தது என்றது, இரண்டும் மூளையின் அதே பக்கத்தைத் தூண்டியவைதான். அல்சைமருக்காக இதற்கென்று நிலத்தை விற்க யாராவது யோசித்தால் தயவுசெய்து வேண்டாம். நடுக்குவாத நோய்க்கு இதே சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது, அது வேறு பகுதி, வேறு நோய்.

வெளிச்சத்தால் நியூரானைத் தூண்டி, 2013-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டொனெகாவாவின் ஆய்வகத்தில் சுண்டெலிக்கு நடக்காத சம்பவத்தின் பயத்தையே ஞாபகமாக நட்டார்கள், 2016-இல் ஆல்சைமர் மாதிரிச் சுண்டெலிகளில் தொலைந்ததாக நினைத்த ஞாபகத்தை மீட்டும் காட்டினார்கள். அதற்கு நியூரானின் மரபணுவையே மாற்ற வேண்டும், ஆகவே வாங்குகிற பட்டியலில் அதற்கு இடமில்லை.

மின்சாரம் இல்லாத வழிக்கு வருவதற்கு முன் பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனத்தில் நடந்த வேலையைச் சொல்ல வேண்டும், தமிழில் இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதிப் பார்த்ததில்லை. 1954-இல் ஓல்ட்ஸும் மில்னரும், மூளையின் இன்பப் பகுதியில் கம்பி வைத்து நெம்புகோலைக் கையில் கொடுத்தால் எலி தானே ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கும் என்று காட்டினார்கள். நிம்ஹான்ஸில் சங்கரநாராயண ராவ், ராஜு ஆகியோர் அப்படிப் பழகிய எலிகளின் ஹிப்போகாம்பஸை எடுத்துப் பார்த்தார்கள், நியூரான்களின் கிளைகள் பெருகியிருந்தன. பிறகு எலிகளைத் தினம் ஆறு மணி நேரம், 21 நாள், அசைய முடியாத கூண்டில் அடைத்தார்கள். கிளைகள் சுருங்கின, இடஞாபகம் கெட்டது. அதே எலிகளுக்கு இந்தச் சுயதூண்டலைக் கொடுத்ததும் கிளைகள் மீண்டன, ஞாபகமும் மீண்டது.

காலை ஐந்து மணிக்கு டியூஷன், பகல் முழுக்கப் பள்ளி, சாயங்காலம் கோச்சிங், ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டுப்பாடம் என்று உட்கார்ந்த இடத்தில் இருந்து எழாத நம் பிள்ளைகளை நினைக்கும்போது எனக்கு இந்த எலிகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. கூண்டில் இருந்து வெளியே விடுவதை விட்டுவிட்டு, கூண்டுக்குள்ளேயே தலைக்கு ஒரு பட்டை வாங்கித் தருவதா என்று கேட்கத் தோன்றுகிறது.

சரி, தூக்கம். 1994-இல் வில்சனும் மெக்நாட்டனும் எலி பகலில் நடந்த வழியில் எந்தெந்த நியூரான்கள் சேர்ந்து துடித்தனவோ அவை தூக்கத்திலும் மறுபடி சேர்ந்து துடிப்பதைக் காட்டினார்கள். அந்த மறுஓட்டம் வேலைக்கு உதவுகிறதா, சும்மா நடக்கிறதா என்று கண்டுபிடிக்க 2009-இல் பாரிஸில் மூளைத் தூண்டலையே பயன்படுத்தினார்கள்: பயிற்சி முடிந்து எலி ஓய்வெடுக்கிறபோது, மறுஓட்டம் நடக்கிற அந்த நுண்ணலைகள் வரும் ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பு கொடுத்துக் கலைத்துவிட்டார்கள். அந்த எலிகள் பாடத்தைப் பிடிக்க மற்றவற்றைவிட அதிக நாள் எடுத்தன. 2016-இல் அதே பாரிஸ் குழு தலைகீழாகச் செய்தது. எலிக்கு மூன்றே நிமிடம் பொருள்களைக் காட்டினால் மறுநாள் அவை இருந்த இடம் ஞாபகம் இருக்காது, இருபது நிமிடம் காட்டினால் இருக்கும். மூன்று நிமிடம் மட்டும் காட்டிவிட்டு, தூக்கத்தில் அந்த நுண்ணலை வந்ததும் சரியான கணத்தில் மூளைப் பரப்பைத் தூண்டினார்கள், மறுநாள் ஞாபகம் இருந்தது. கணம் தப்பித் தூண்டியபோது இல்லை. இதுவரை சொன்ன எல்லாச் சோதனைகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இங்கே மின்சாரம் தூக்கம் செய்கிற வேலைக்குக் கைகொடுத்தது மட்டுமே. பட்டை போட்டுக்கொண்டு ராத்திரி இரண்டு மணி வரை படிக்கிற பிள்ளை, ஞாபகம் உறைகிற நேரத்தையே வெட்டிவிட்டு அதற்கு மாற்றாகத் தலையில் பேட்டரி கட்டுகிறது.

இடைவெளிக்கும் இதே மாதிரி ஆதாரம் உண்டு. 1994-இல் டிம் டல்லியின் குழு பழ ஈக்களுக்கு ஒரு வாசனையைப் பத்து முறை பழக்கியது, தொடர்ந்து பத்து முறை பழகியவை சீக்கிரம் மறந்தன, நடுவில் கால் மணி நேரம் ஓய்வு கொடுத்துப் பழகியவை ஒரு வாரம் வரை நினைவில் வைத்திருந்தன. 2012-இல் கலிஃபோர்னியாவில் எலியின் ஹிப்போகாம்பஸ் துண்டில், முதல் தூண்டலுக்குப் பிறகு பத்து நிமிடத்தில் இரண்டாவதைக் கொடுத்தால் கூடுதல் பலன் இல்லை, ஒரு மணி நேரம் விட்டுக் கொடுத்தால் முதல் தடவையில் தப்பிய இணைப்புகளும் பலப்பட்டன. மின்சாரமே இடைவெளி விட்டால்தான் வேலை செய்கிறது என்றால் மூன்று மணி நேரம் ஒரே பாடத்தை உருப்போடுவதில் என்ன இருக்கிறது? ஒரு மணி நேரம் என்பது எலியின் மூளைத் துண்டுக்கான அளவு, பிள்ளைக்கு அதே கணக்கைக் கடிகாரம் வைத்துப் பிடிக்கத் தேவையில்லை. ஒரு பாடத்தை இன்று, நாளை மறுநாள், அடுத்த வாரம் என்று திரும்பத் தொட்டால் போதும், தொடும்போது புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் ஞாபகம் இருக்கிறதை எழுதிப் பார்க்க வேண்டும்.

ஓட்டத்துக்கு 1999-இல் ஹென்றியட் வான் பிராக்கும் கேஜும் சால்க் நிறுவனத்தில் செய்த சோதனை: கூண்டில் சக்கரம் வைத்திருந்த சுண்டெலிகள் இஷ்டத்துக்கு ஓடின, அவற்றுக்குப் புது நியூரான்கள் அதிகம், ஹிப்போகாம்பஸில் பிளிஸும் லோமோவும் கண்ட அந்தப் பலப்படுதல் அதிகம், தண்ணீர்த் தொட்டிப் பாடத்திலும் தேறின. டொராண்டோவில் கம்பி வைத்துக் கிடைத்த புது நியூரான் இங்கே சக்கரத்தில் கிடைத்தது. பாளையங்கோட்டையில் வ.உ.சி. மைதானம் இருக்கிறது, அண்ணா ஸ்டேடியம் இருக்கிறது, அம்பாசமுத்திரம் பக்கம் என்றால் வாய்க்கால் கரை இருக்கிறது. நெல்லை வெயிலுக்கு ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும், அதற்கு ராத்திரி பத்தரைக்குள் படுக்க வேண்டும், அப்படியானால் காலை ஐந்து மணி டியூஷனை விட வேண்டும். பெற்றோருக்கு இதுதான் கஷ்டமான முடிவு, பட்டை வாங்குவது இதைவிட எளிது, அதனால்தான் பட்டை விற்கிறது.

பட்டைக்கு ஒதுக்கிய பணம் கையில் இருந்தால், பிள்ளையின் அறைக்கு ஒரு நல்ல ஃபேன், கொசுவலை, ஓடுவதற்கு ஒரு ஜோடி ஷூ. மீதி இருந்தால் பழைய கேள்வித்தாள் தொகுப்பு, அதுகூட மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு: பிள்ளைக்கோ குடும்பத்தில் யாருக்கோ எப்போதாவது வலிப்பு வந்திருந்தால், தலையில் அடிபட்டிருந்தால், மனநலத்துக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதை எடுக்கவே வேண்டாம். இதுவரை போட்ட பிள்ளைக்கு நெற்றித் தோலில் புண்ணோ, விடாத தலைவலியோ, தூக்கம் கெடுவதோ, மனம் வழக்கத்துக்கு மாறாக ஏறி இறங்குவதோ இருந்தால் கருவியையும் அதன் பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள், எத்தனை மில்லிஆம்பியர், தலையில் எந்த இடம், எத்தனை நாள் என்று அவர் கேட்பார், அதைப் பிள்ளையிடம் கோபப்படாமல் கேட்டு எழுதிக்கொண்டு போனால் அவருக்கு வேலை சுலபம்.